வஅத் முதல் தொட்டில் வரை: உசிலம்பட்டியில் சமூகப் பணியாளர்

அரபு மொழியில் 'வஅத்' என்றொரு சொல் உண்டு. உயிரோடு மண்ணில் புதைத்தல் என்பது அதன் பொருள். அவ்வாறு புதைக்கப்பட்ட பெண்மகவு 'மவ்ஊதா' எனப்படும். திருக்குர்ஆனின் 81ஆம் அத்தியாயம் மறுமை நாளின் காட்சிகளை அடுக்கிச் செல்கையில், கொல்லப்பட்ட அச்சிறுமியே வினவப்படுவதாக ஒரு காட்சியை முன்வைக்கிறது. குற்றவாளியை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்பானேன் என்ற ஐயத்திற்கு, கொன்றவனை நாணச் செய்து நாவடைக்கும் முறை இதுவே என்று விரிவுரையாளர்கள் விடை கூறுவர். வகுப்பறையில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் மாணவர் முகங்களில் ஒரு நிம்மதியை நாம் காண்பதுண்டு. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய பாலைவனச் செய்தி, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் நிம்மதி அது. மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்தால் அந்த நிம்மதி கலைந்துவிடும்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்படும் செய்தியை 1985ஆம் ஆண்டின் இறுதியில் ஜூனியர் விகடன் வெளியிட்டது. 1986 ஜூனில் இந்தியா டுடே அதனை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அன்று முதல் எருக்கம்பாலும் நெல்மணியும் அவ்வூர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1994இல் வெளிவந்த பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் இக்கொடுமையைத் தமிழகத்தின் கடைக்கோடிவரை கொண்டுசென்றது. பத்திரிகைகளும் திரைப்படமும் செய்த தொண்டு பெரிது, ஐயமில்லை. ஆயினும் செய்தி வெளியான மறுநாள் அவ்வூர்களுக்குள் சென்று, இரண்டாவது பெண்ணைப் பெற்றுத் திண்ணையில் கிடக்கும் தாயின் அருகில் அமர்ந்தவர்கள் யார்? அவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. சமூகப் பணியாளர் என்று பொதுப்பெயரால் நாம் சுட்டும் அம்மக்களின் பணி எத்தகையது, உடல்நலத் துறையில் அவர்களுக்குரிய இடம் யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுதல் நலம். பெண் சிசுக்கொலையை ஒரு குறிப்பிட்ட சாதியாரின் பிறவிக் குணமாகப் பேசுவோர் உளர். அது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு. உசிலம்பட்டிப் பகுதியில் பெரும்பான்மையினரான பிரமலைக் கள்ளர் சமூகத்தைப் பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1949-50ஆம் ஆண்டுகளில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். மணமுறிவும் மறுமணமும் பெண்ணுக்கு இழிவாகக் கருதப்படாத சமூகம் அது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமையைத் தாங்கி, 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுகளை எதிர்கொண்டவர்கள் அம்மக்கள். பின்னாளில் என்ன நேர்ந்தது? 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையின் நீர் சில ஊர்களைச் செழிக்கச் செய்தது. சில ஊர்கள் வானம் பார்த்த பூமியாகவே நின்றன. பணப்பயிர் வந்தது, பணம் வந்தது, பணத்தோடு வரதட்சணை வந்தது. நகையும் ரொக்கமும் பேசி முடிக்கும் வழக்கம் மேலிருந்தோரிடமிருந்து கீழிறங்கியது. காதணி விழா, பூப்புச் சடங்கு, திருமணச் சீர், தலைப்பிரசவச் செலவு என்று ஒரு பெண்ணுக்கான செலவுப் பட்டியல் அவள் பிறந்த அன்றே தந்தையின் மனத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆய்வாளர் பலர் சுட்டும் காரணம் இதுவே. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் வேறு சமூகத்தாரிடையேயும் இதே கொலை நிகழ்ந்தது என்பதை நோக்கினால், குற்றம் குருதியில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பது விளங்கும்.

இந்தக் கணக்கு நம் வீட்டு வாசலையும் தொடாமல் இல்லை. மணமகன் மணமகளுக்கு மஹர் வழங்குவது கடமை என்று நிக்காஹ் மேடையில் ஓதிவிட்டு, அதே மேடைக்குப் பின்னால் கைக்கூலி எண்ணி வாங்குவோர் நம்மிடையே இருக்கும்வரை, உசிலம்பட்டியை நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்குக் குறைவே. இதனை இடையில் சொல்லிவைத்து மேலே செல்வோம்.

மருத்துவமும் சமூகப் பணியும்

நோயாளியின் உடலை மட்டும் பார்த்தால் நோய் விளங்காது என்ற உணர்வு பழைமையானது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார் நடத்திய கூடாரத்தில் தங்கவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆதரவற்றோரைப் பேணுவதையும் அவ்வம்மையார் தம் பணியாகக் கொண்டிருந்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில், குணமடைந்து செல்லும் ஏழைக்குக் கையில் பணம் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்ததாகக் கூறுவர். உடனே கூலிவேலைக்கு ஓடினால் நோய் திரும்பிவிடும் என்பது அதற்குக் காரணம். மருந்து கொடுப்பதோடு மருத்துவமனையின் கடமை முடிவதில்லை என்னும் அறிவு அதில் தெரிகிறது.

தற்கால மருத்துவச் சமூகப் பணி, 1895இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டுவர்ட் என்னும் பெண்மணி அமர்த்தப்பட்டதில் தொடங்குகிறது. இலவச மருத்துவத்திற்கு உண்மையில் உரியவர் யார் எனக் கண்டறிவதே அவருக்கு முதலில் இடப்பட்ட வேலை. வடிகட்ட வந்தவர், நோயாளிகளின் வறுமையைக் கண்டு உதவி தேடித் தருபவராக மாறினார். 1905இல் பாஸ்டன் நகரில் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர், வீட்டு நிலையை அறியாமல் எழுதும் மருந்துச்சீட்டு வீண் என்று கருதித் தம் மருத்துவமனையில் சமூகப் பணியாளரை அமர்த்தினார். இந்தியாவில் 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் அப்பதவி முதலில் தோன்றிற்று. சென்னையில் 1952இல் சமூகப் பணிக்கெனக் கல்லூரி எழுந்தது. பின்னர் மதுரையிலும் எழுந்தது.

ஆனால் உசிலம்பட்டியின் சிக்கல் மருத்துவமனைக்குள் நிகழ்வதன்று. அங்கே இறந்தது நோயுற்ற குழந்தையன்று. நலமாய்ப் பிறந்த குழந்தை. நோய் குடும்பத்தில் இருந்தது. ஆதலின் மருத்துவர் செய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் சமூகப் பணியாளரின் வேலை தொடங்கிற்று.

தராசும் பதிவேடும்

தமிழகக் கிராமங்களில் குழந்தை நலத்தைப் பேண அரசு அமைப்புகள் அக்காலத்தில் இல்லாமலில்லை. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் தொடங்கியது. கிராமப் பெண்ணொருத்தியே பணியாளராக இருந்து, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, மெலிந்த குழந்தைக்கு மட்டும் சத்துணவு வழங்கும் திட்டம் அது. உலக நாடுகள் பாராட்டிய திட்டம். ஆயினும் ஆறாம் மாதத்தில் தொடங்கும் அத்தராசு, முதல் வாரத்திலேயே மாண்டுபோன குழந்தையை எவ்வாறு காணும்? சிசுக்கொலை பெரும்பாலும் பிறந்த சில நாள்களுக்குள் நிகழ்ந்துவிடும். பிரசவம் வீட்டில்; பார்த்தவள் ஊர் மருத்துவச்சி; புதைத்த இடம் கொல்லைப்புறம். பிறப்பும் பதிவாகவில்லை, இறப்பும் பதிவாகவில்லை.

இந்த இருளில் முதல் விளக்கை ஏற்றியவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் ஊர்தோறும் நடப்பவர் அவர். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து தடுப்பூசி போடுவது அவர் கடமை. பதிவேட்டில் கருவுற்றவள் பெயர் இருக்கிறது. பத்து மாதம் கழிந்தது. வீட்டில் குழந்தை இல்லை. அந்த வெற்றிடத்திற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் 'சமூகக் காரணங்களால் ஏற்பட்ட இறப்பு' என்றொரு வகை இடம்பெற்றது. கொலை என்று எழுதினால் காவல்துறை வரும். வயிற்றுப்போக்கு என்று எழுதினால் பொய்யாகும். இரண்டிற்கும் நடுவே நின்ற இச்சொற்றொடர் கோழைத்தனம் என்று சிலர் பழித்ததுண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெங்கடேஷ் ஆத்ரேயா, ஷீலா ராணி சுங்கத் ஆகிய இருவரும் 1990களின் பிற்பகுதியில் இப்பதிவேடுகளை ஆராய்ந்துதான், எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று முதன்முறையாகச் சான்றோடு காட்ட முடிந்தது. எழுத அஞ்சிய செவிலியர் எழுதிய அரைகுறைச் சொல்லே பின்னர் அரசைச் செயல்படவைத்தது.

இந்திய குழந்தை நலச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையும், மதுரையைச் சார்ந்த கிராம வளர்ச்சித் தொண்டு அமைப்புகளும் உசிலம்பட்டி வட்டாரத்தில் இறங்கின. இவ்வமைப்புகளின் பணியாளர்களில் பலர் அதே ஊர்களில் பிறந்த, அதே சமூகத்தைச் சார்ந்த பெண்கள். இது தற்செயலன்று. வெளியூரிலிருந்து வருபவர் கேட்டால் குழந்தை காய்ச்சலில் போயிற்று என்பார்கள். அத்தை முறையாகும் ஒருத்தி கேட்டால் அழுதுவிடுவார்கள். அவர்கள் செய்த வேலை பார்ப்பதற்கு எளியது. ஏற்கெனவே பெண் குழந்தையுள்ள வீட்டில் மறுபடியும் கரு உண்டானால் அவ்வீட்டைத் தனியே குறித்துக்கொள்வது, பிரசவ நாள் நெருங்க நெருங்க அடிக்கடி செல்வது, மாமியாரோடு பேசுவது, குழந்தை பிறந்ததும் முதல் சில நாள்கள் விடாமல் சென்று பார்ப்பது. முதல் வாரத்தைக் கடந்து தாயின் மார்பில் பால் குடித்துப் பழகிவிட்ட குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவத்தால் கண்ட உண்மை. உடலைச் சுகப்படுத்துவதற்கு மருந்து ஒரு வாரம் என்பதுபோல, மனத்தைச் சுகப்படுத்தவும் அந்த ஒரு வாரமே போதுமாயிருந்தது.

இங்கே ஒரு பெருஞ்சிக்கல் எழுகிறது. ஊரார் நம்பிக்கையைப் பெற்ற பணியாளருக்கு ஒருநாள் கொலை தெரியவந்தால் என் செய்வது? சட்டம் அறிவிக்கச் சொல்கிறது. அறிவித்தால் கைதாவது பெரும்பாலும் பிரசவித்த பச்சை உடம்புக்காரி. அவளை வற்புறுத்திய கணவனும் மாமியாரும் பல நேரங்களில் தப்பிவிடுவர். அதன்பின் அவ்வூர்க் கதவுகள் பணியாளருக்கு மூடப்படும். அடுத்த குழந்தையைக் காப்பாற்ற ஆளிருக்காது. அறிவிக்காவிட்டாலோ, ஓர் உயிரின் நீதி புதைக்கப்பட்ட இடத்திலேயே கிடக்கும். அஞ்ச வேண்டியதில்லை என்று ஊரும் எண்ணும். இப்பணியில் ஈடுபட்டோரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு நெடுங்காலம் இருந்துவந்தது. மறைப்பது தகாது என்பதே நமது கருத்து. உயிரின் உரிமை மனிதர் எவரும் விட்டுக்கொடுக்கக் கூடியதன்று. எனினும் தாயை மட்டும் கூண்டிலேற்றும் வழக்கு, நீதியின் பாதியைக்கூட நிறைவேற்றுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருவர் காட்டிய இரு வழிகள்

1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாமெனில் கொல்லாதீர், அரசிடம் தாருங்கள் என்பது அதன் கருத்து. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. அதே 1992இல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பெண் குழந்தையின் பெயரில் அரசு ஒரு தொகையை வைப்புநிதியாக இட்டு, அவள் வளர்ந்து படித்தபின் முதிர்வுத் தொகையை வழங்கும் திட்டம் அது. முன்னது குழந்தையை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பின்னது குழந்தையை வீட்டிலேயே இருக்கவைக்கிறது.

இவ்விரு வழிகளையும் ஜாஹிலிய்யாக் காலத்திலேயே இரு பெருமக்கள் கையாண்டுள்ளனர் என்பது வியப்புக்குரியது. ஒருவர் ஸைத் இப்னு அம்ர் இப்னு நுஃபைல். சிலை வணக்கத்தை வெறுத்து, நபித்துவத்திற்கு முன்பே மறைந்தவர். மகளைக் கொல்ல முனையும் தந்தையிடம் சென்று, அவளது செலவைத் தாம் ஏற்பதாகக் கூறி அழைத்துச் சென்று வளர்ப்பார். அவள் வளர்ந்ததும் தந்தையிடம் திரும்பச் சென்று, விரும்பினால் மகளைப் பெற்றுக்கொள்ளலாம், இல்லையேல் தாமே தொடர்ந்து பேணுவதாகச் சொல்வார். அஸ்மா (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. மற்றவர் ஸஅஸஆ இப்னு நாஜியா. கவிஞர் ஃபரஸ்தக்கின் பாட்டனார். தொலைந்த ஒட்டகங்களைத் தேடிச் சென்ற இடத்தில், பிறப்பது பெண்ணாயின் புதைத்துவிடுவேன் என்று ஒரு முதியவர் சொல்லக் கேட்டார். இரண்டு பெண் ஒட்டகங்களையும் தாம் ஏறிவந்த ஒட்டகத்தையும் விலையாகக் கொடுத்து அக்குழந்தையின் உயிரை வாங்கினார். வாங்கியது உயிரை மட்டுமே. குழந்தை தாயிடமே இருந்தது. பின்னர் இதனையே வழக்கமாக்கிக்கொண்டு மேலும் பலரை மீட்டார். எத்தனைபேர் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன.

தொட்டில் திட்டம் ஸைத் காட்டிய வழி. வைப்புநிதி ஸஅஸஆ காட்டிய வழி. ஓர் ஊரில் உயிர் ஊசலாடும் வேளையில் ஸைதின் வழியே முதல் உதவி. அதனை எவரும் குறைகூற இயலாது. ஆயினும் சமூகப் பணியாளர் பலர் தொட்டிலைப் பற்றி முன்வைத்த கண்டனம் சிந்திக்கத்தக்கது. அரசே தொட்டில் வைத்துப் பெற்றுக்கொள்ளும்போது, பெண் வேண்டாதவள் என்ற எண்ணத்திற்கு முத்திரை குத்தியதாகாதா என்று அவர்கள் வினவினர். ஸைதின் செயலில் இருந்த ஒரு நுட்பத்தை இங்கே நினைவுகூரலாம். அவர் தந்தைக்கும் மகளுக்கும் இடையிலுள்ள கதவை மூடவில்லை. பிறப்பு உறவும் வமிச அடையாளமும் அழியவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த இரண்டு மாதங்களில் அத்தாயைத் தேடிச் சென்று பேச ஒருவர் வேண்டும். சட்டம் அவகாசத்தைத் தரும், ஆளைத் தராது.

உசிலம்பட்டியில் தொண்டு அமைப்புகள் பெரிதும் நாடியது ஸஅஸஆவின் வழியையே. மகளிர் குழுக்கள், சிறுகடன், வேலைக்குச் செல்லும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம் என்பன அவர்களது கருவிகள். பாலைவனத்தில் ஒட்டகம் செய்த வேலையை இங்கே கறவை மாடு செய்தது எனலாம். கையில் வரவுள்ள தாயின் சொல் வீட்டில் எடுபடும் என்பதே இதன் அடிப்படை. தர்மபுரியிலோ வேறொரு முறை பின்பற்றப்பட்டது. டென்மார்க் நாட்டு உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் துணையோடு, 1990களின் இறுதியில் 'கலைப்பயணம்' என்னும் பெயரில் வீதி நாடகக் குழுக்கள் மாவட்டமெங்கும் ஊர் ஊராகச் சென்றன. அறிவுரை கூறாமல், மக்கள் தம் வீட்டுக் கதையையே மந்தையில் நின்று பார்க்கவைத்த முறை அது. அதன்பின் அங்கே சிசு இறப்புகள் குறைந்ததை மேற்சொன்ன ஆய்வாளர் இருவரும் பதிவு செய்துள்ளனர்.

இடம் மாறிய கொலை

பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறின. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நிகழ்கின்றன. பிறந்த குழந்தை அன்றே எழுத்தில் ஏறிவிடுகிறது, மறைப்பது கடினம். பெண் சிசுக்கொலை பெருமளவு அருகிவிட்டது உண்மை. அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2020லும் 2021லும் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்தே அத்தகைய வழக்குகள் வெளிவந்தன.

பெரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. ஆறு வயதிற்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தனர், 2001இல் 942, 2011இல் 943. இந்திய அளவில் வீழ்ச்சி இதைவிடக் கடியது. பிறப்பின்போதுள்ள விகிதமோ, மேற்கூறிய தேசியக் கணக்கெடுப்பில் தமிழகத்திற்கு 878 என்று வந்துள்ளது; அதற்கு முந்திய கணக்கெடுப்பில் அது 954. மாதிரிக் கணக்கெடுப்பில் ஏற்ற இறக்கம் இயல்பே என்று ஒதுக்கினாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒதுக்க இயலாது. எருக்கம்பால் போய் ஸ்கேன் கருவி வந்தது. கொல்லைப்புறத்தில் நிகழ்ந்தது, குளிரூட்டிய அறையில் இரசீதோடு நிகழ்கிறது. வறுமையும் இப்போது காரணமாக முன்வைக்கப்பட இயலாது. ஸ்கேனுக்கும் கருக்கலைப்புக்கும் செலவழிக்க வசதி வேண்டுமே.

இவ்விடமாற்றம் சமூகப் பணியாளரின் வேலையையும் மாற்றிவிட்டது. திண்ணையில் அமர்ந்து பேசித் தாயின் மனத்தை மாற்றலாம். பாலினம் கண்டறிந்து சொல்லும் மருத்துவர் வீட்டுத் திண்ணையில் அமர இயலாது. ஆதலின் 1998இல் பாலினத் தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான கூட்டமைப்பு ஒன்று தமிழகத்தில் உருவாகியது. உசிலம்பட்டியில் சிசுக்களுக்காக உழைத்தோர் இதிலும் முன்னின்றனர். இவர்கள் கையிலெடுத்த கருவி சட்டம். 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச்சட்டம் அது. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்பப்பட வேண்டும். ஏற்கெனவே எத்தனை குழந்தைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எதற்காக இந்தச் சோதனை என்பனவெல்லாம் அதில் இருக்கும். அப்படிவம் நிரப்பாமையே குற்றம். இரண்டு பெண் குழந்தைகளின் தாய்மார் ஒரே ஸ்கேன் மையத்திற்குத் திரளாகச் செல்வதையும், அவர்களுக்குப் பின்னர் பிரசவப் பதிவு இல்லாமையையும் இரு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் கண்டுகொள்ளலாம். செவிலியர் பதிவேட்டில் அன்று கண்ட அதே வெற்றிடம்தான் இது.

இச்சட்டம் சமூகப் பணியாளருக்குத் தந்துள்ள இடம் நம்மில் பலரும் அறியாதது. மையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஆலோசனை கூற அமைக்கப்படும் குழுவில் மருத்துவ வல்லுநர் மூவர் இருக்க வேண்டும் என்று கூறும் அதே பிரிவு, சமூகப் பணியாளர் மூவரும் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களுள் ஒருவரேனும் மகளிர் அமைப்பைச் சார்ந்தவராதல் வேண்டும். மருத்துவருக்கு இணையான எண்ணிக்கையில் சமூகப் பணியாளரை அமர்த்தும் சட்டங்கள் அரிதினும் அரிது. அதுமட்டுமன்று. குற்றம் நடந்ததாக அறியும் எவரும் உரிய அதிகாரிக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் செயல்படாவிட்டால் தாமே நீதிமன்றத்தை அணுகலாம். 'எவரும்' என்னும் சொல் சமூக அமைப்பையும் உள்ளடக்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஒரு மஹல்லா ஜமாஅத்தின் மகளிர் பிரிவுக்கும் இவ்வுரிமை உண்டு.